ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதில்களில் எது அலுவலக இணையதளத்தில் ஏறுகிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வைகைக்கரை:
எங்கள் ஊர்ப் பக்கம் நான்குவழிச் சாலையின் அணுகுசாலை பாதியில் நிற்கிறது. ஒப்பந்தக் காலம் எப்போது முடிகிறது என்று மத்திய அலுவலகம் ஒன்றில் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டேன். பதில் வந்தது, நல்ல பதில்தான். அடுத்த தெருக்காரரும் அதே கேள்வியைப் போட்டு அதே தாளை வாங்கினார். அந்த அலுவலகத்தின் தளத்தில் 'ஆர்டிஐ பதில்கள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. காலிப் பணியிடம், விடுமுறைப் பட்டியல், அவ்வளவுதான். சாலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. எதை ஏற்றுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பழைய கோப்பு:
நான் வேறொரு துறையில், ஆர்டிஐ மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு உதவியாக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, காகிதத்தில் அந்த முடிவு எப்போதோ ஆகிவிட்டது. மத்தியப் பணியாளர் பயிற்சித் துறையின் 2013 ஏப்ரல் 15 சுற்றறிக்கைப்படி மனு, மேல்முறையீடு, பதில் எல்லாமே தளத்தில் ஏற வேண்டும். சொல்லைப் போட்டுத் தேடும் வசதியும் வேண்டும். பொதுநலன் இல்லாத தனிநபர் விவகாரம் மட்டும் விலக்கு.

நடப்பு வேறு. 30 நாள் கெடுவுக்குள் பதில் போய்ச் சேர்ந்தாலே பெருமூச்சு விடுவோம். ஸ்கேன் செய்கிற பையன் ஒரே பக்கத்தில் முடிகிற பதிலாகப் பார்த்து எடுப்பான். ஒப்பந்ததாரர் பெயர் தென்பட்டால், "மேலே கேட்டுட்டுப் போடலாம்" என்பார் அதிகாரி. மேலே யாரும் கேட்டதில்லை.

பொதிகைப்பெண்:
எனக்கு நேரெதிர். குவாரி அனுமதி பற்றிய என் மனுவை வீட்டு முகவரி, கைப்பேசி எண்ணோடு ஏற்றிவிட்டார்கள். குவாரி விஷயம், புரியும்தானே! எடுக்கச் சொன்னால் 'வெளிப்படைத்தன்மை' என்றார்கள். மனுதாரரின் சொந்த விவரங்களை வெளியிடக் கூடாது என்று அதே பணியாளர் பயிற்சித் துறை பின்னால் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தத் தாளை நீட்டியதும் பக்கத்தையே தூக்கிவிட்டார்கள். பதிலும் சேர்ந்து போயிற்று. முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் போதும் என்று 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்போது அப்படித்தான் போடுகிறேன்.

பழைய கோப்பு:
பெயரை அடித்துவிட்டு மீதியை வைத்திருக்கலாம் அம்மா. தூக்குவது அவர்களுக்குச் சுலபம். வைகைத் தம்பி, இனி சாலையைப் பற்றிக் கேட்காதீங்க. பதில்களைத் தளத்தில் ஏற்றுவது தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்க நகலைக் கேளுங்க. யார் என்ன எழுதினார், யார் கையெழுத்து என்று அதில்தான் இருக்கும். அப்படிக் கோப்பே இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதையே மேல்முறையீட்டில் இணைங்க.

வைகைக்கரை:
மனுப் போட்டாச்சு ஐயா. பதில் வந்ததும் இங்கே ஏற்றுகிறேன், முகவரியை அடித்துவிட்டு.