குளத்தடிக் குப்பை: கடல் டைவர்களை இறக்கலாமா?

கல்யாணிக்கரை:
பெங்களூருவில் எங்கள் லேஅவுட்டை ஒட்டிய குளம், நடுவில் 4 மீட்டர் ஆழம். சதுர்த்திக்குக் கரைத்த பிள்ளையார்கள், பாட்டில், டயர் எல்லாம் அடியில் கிடக்கின்றன. கடலில் டைவ் அடித்துப் பழகிய நாலு பேர் சும்மாவே இறங்கித் தர ரெடி. மாநகராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாச்சு. காற்றை நிரப்பிப் பொருளை மேலே தூக்கும் லிஃப்ட் பேக் வாங்கணுமா? வேறென்ன வேண்டும்?

கரைக்கயிறு:
லிஃப்ட் பேக் கிடக்கட்டும். ராஜகாலுவே (மழைநீர்க் கால்வாய்) வழியாகச் சாக்கடை வருகிறதா? வந்தால் வெட்சூட்டோடு யாரையும் இறக்காதீர்கள், அந்தத் தண்ணீர்தான் உடம்போடு ஊறி நிற்கும். தண்ணீர் புகாத ட்ரை சூட், முழுமுக மாஸ்க் இல்லாமல் அது நடக்காது.

சாக்கடை இல்லையென்றாலும் கடல் பழக்கம் இங்கே பாதிதான் உதவும். காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை அசைந்தால் சேறு கிளம்பி, கைவிரல்கூடத் தெரியாது. அதனால் டைவரைக் கரையோடு இணைக்கும் கயிறு வேண்டும்; ஜோடியாக இறக்கினால் ஒருவர் கயிற்றில் இன்னொருவர் சிக்குவார். ஆகவே தண்ணீருக்குள் ஒருவர், கரையில் அவர் கயிற்றைப் பிடிக்க ஒருவர், சிலிண்டர் மாட்டி உடனே குதிக்கத் தயாராக ஒருவர். நாலாவது ஆள் நேரமும் காற்றளவும் குறிக்கட்டும்.

கயிறு 8–10 மி.மீ., மிதக்கிற பாலிப்ரோப்பிலீன். அதை பி.சி.டி.யில் (சிலிண்டரைத் தாங்கும் மிதப்பு ஜாக்கெட்) கட்டாதீர்கள். சிக்கிக்கொண்டு பி.சி.டி.யைக் கழற்ற நேர்ந்தால் கயிறும் அதோடு போய்விடும். உள்ளே தனி ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்ப்பட்டை) போட்டு அதில் கட்டுங்கள். தேடல், தூரத்தில் தொடங்கி கரையை நோக்கி: கயிறு விறைப்பாக, அரைவட்டமாக ஒரு வீச்சு, பிறகு 1 மீட்டர் உள்ளிழுத்து அடுத்த வீச்சு. இழுப்புச் சைகையைக் கரையிலேயே பேசி வையுங்கள்: 1 நலம், 2 கயிறு விடு, 3 பொருள் கிடைத்தது, 4 ஆபத்து.

நன்னீரில் மிதப்பு குறைவு, எடை பெல்ட்டில் 2–3 கிலோ கழியுங்கள். மீன்பிடி நைலான், மாஞ்சா நூலுக்கு வெட்டும் கருவி இரண்டு, இரு கைக்கும் எட்டும்படி. கத்தியைவிடக் கத்தரி மேல்.

நீர்நாய்:
சிலைகளைப் பற்றி மட்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சீக்கிரம் கரையாது, கட்டியாகவே கிடக்கும். உள்ளே வைத்த கம்பியும் மூங்கிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கை குத்துப்படுவது அங்கேதான். வெட்டுப்படாத கையுறை கட்டாயம், டெட்டனஸ் ஊசியும்.

சேற்றில் புதைந்ததை நேராக மேலே இழுத்தால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். லிஃப்ட் பேக்கில் காற்றை ஏற்றிக்கொண்டே போவீர்கள், பிடி விட்டதும் பொருள் அம்பாகக் கிளம்பும். ஆழம் குறைந்த இடத்தில் காற்று விரிவதும் வேகம். அதனால் ஒரு ஓரத்தைக் கிளப்பி ஆட்டி, கயிறு மாட்டி, டைவர் வெளியேறியபின் கரையிலிருந்து சாய்வாக இழுங்கள். 4 மீட்டருக்கு இதுவே போதும். கரையில் கும்பல் பார்த்துக்கொண்டிருக்கும், சிலையைக் காலால் தள்ள வேண்டாம்.

கல்யாணிக்கரை:
சாக்கடை வரவில்லை சார். பாட்டில்களை எப்படி எடுப்பது?

கரைக்கயிறு:
வலைப்பையில் போட்டு, கரையோரத் தண்ணீரிலேயே மெதுவாகக் கவிழ்த்து வடியுங்கள், உள்ளே நத்தையும் குஞ்சு மீனும் இருக்கும். ஊசி, சிரிஞ்சு கிடைத்தால் மூடியுள்ள கெட்டி டப்பாவில். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளிக்கணும். அடுத்த நாலு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் குளத்தில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லணும், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

நீர்நாய்:
ஏப்ரல், மே வரை பொறுத்தால் தண்ணீர் இறங்கியிருக்கும். கரையிலிருந்து 10 மீட்டர் வரை பாதாளக்கரண்டி வீசியே டயரை எல்லாம் இழுத்துவிடலாம். நடுக்குளத்துக்கு மட்டும் டைவர்.