24 வாரக் கர்ப்பம், ஏறியது 3 கிலோதான்: சாப்பாடா, மனசா?

கேள்வி (கிராம சுகாதார செவிலியர், கோத்தகிரி பக்கம்):
தேயிலை பறிக்கும் பெண், தலைப்பிரசவம். உயரம் 150 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் 40 கிலோ, இப்போது 43. வாந்தி நின்றும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்கிறார். எங்கே தொடங்குவது?

பதில் 1:
முதல்ல எடையை நம்பலாமான்னு பாருங்க. ஸ்வெட்டர், சால்வை, ஷூவோட ஏத்தினா ஒரு கிலோ பொய்யா கூடும். சாய்வான தரையும் கெடுக்கும். அவங்க பிஎம்ஐ (உயரத்துக்கேத்த எடைக் கணக்கு) கர்ப்பத்துக்கு முன்ன 17.8. 18.5க்குக் கீழ இருந்தா மொத்தம் 12.5 முதல் 18 கிலோ ஏறணும், நாலாம் மாசத்துலேர்ந்து வாரம் சுமார் அரைக் கிலோ. இந்நேரம் 6 கிலோவாவது ஏறியிருக்கணும். வயித்து உயரத்தையும் (அடிவயித்து எலும்புலேர்ந்து கருப்பை உச்சி வரை) டேப்பால அளங்க, 24 வாரத்துக்கு 24 செ.மீ., அதுல 2 முன்னப்பின்ன இருக்கலாம். இரும்பு மாத்திரையை டீயோட முழுங்குறாங்களா? ஒரு மணி நேரமாவது இடைவெளி வேணும்.

பதில் 2:
மாமியார் பக்கத்துல நிக்கும்போது "ஒண்ணுமில்ல"தான் வரும். தனியா உக்கார வச்சு மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற எடின்பரோ கேள்வித்தாளைப் படிச்சுக் காட்டுங்க: 10 கேள்வி, கடந்த 7 நாள் நிலைமை, மொத்தம் 30 மதிப்பெண். 13ம் அதுக்கு மேலயும்னா டாக்டர்கிட்ட அனுப்பணும். 10வது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கிற எண்ணம் பத்தி. அதுல பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் குறைவா இருந்தாலும் அன்னிக்கே அனுப்புங்க, தனியா விடாதீங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம்.

பதில் 3:
ஹீமோகுளோபினும் டிஎஸ்ஹெச்சும் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாத்துடுங்க. ரத்தசோகை, தைராய்டு ரெண்டுமே மனச்சோர்வு வேஷம் போடும். எடைக்காகத் திட்ட மட்டும் வேண்டாம், அடுத்த செக்கப்புக்கே வர மாட்டாங்க.