டிம் லைட்டுல வெப்கேம்: யாருக்கு எது செட் ஆச்சு?

நைட்ஷிஃப்ட் மாமா:
யூஎஸ் ஷிஃப்ட் பாக்குறவன் நான், சாயங்காலம் உக்காந்தா விடியக்காலை வரைக்கும் வீடியோ கால் ஓடிட்டே இருக்கும். ஒரே பெட்ரூம் வீடு, அதே ரூம்ல கைக்குழந்தை தூங்குது, டியூப்லைட் போட்டா அவ்ளோதான், வீட்டுல நமக்கு சோறு கிடைக்காது, அதனால ஓரமா ஒரு சின்ன டேபிள் லேம்ப் மட்டும்தான். ஆபீஸ்ல இருந்து ஒரு வெப்கேம் அனுப்பினாங்க, டப்பா மேல ஃபுல் எச்டி, லோ லைட் அப்டின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பகல்ல குறை சொல்ல முடியாது. ராத்திரி என்னடான்னா மூஞ்சி பூரா எறும்பு ஊர்ற மாதிரி புள்ளி புள்ளியா வருது, கையை ஆட்டினா ஒரு கை போன அப்புறம் பின்னாடியே இன்னொரு கை வருது. சொந்தக் காசுல நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ராத்திரி வேலை பாக்குறவங்க எதை வாங்கினீங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்கப்பா.

டிரைவர் தம்பி:
அண்ணே, வாங்குறதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது கையை முதல்ல சரி பண்ணுங்க. வீடியோன்னா வரிசையா ஓடுற ஃபோட்டோதான், ஒவ்வொண்ணும் ஒரு ஃப்ரேம். செகண்டுக்கு 30 ஃப்ரேம் வரணும்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சத்தைப் படமாக்குற சென்சார் அதிகபட்சம் 1/30 செகண்டுதான் வெளிச்சம் வாங்க முடியும். வெளிச்சம் பத்தலைன்னா டிரைவர், அதாவது கேமராவை ஓட்டுற சாஃப்ட்வேர், உங்களைக் கேக்காமயே ஃப்ரேம் ரேட்டை 15க்கு இறக்கி ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு மடங்கு நேரம் திறந்து வெச்சுக்கும். படம் பிரைட்டா ஆகும், ஆனா அசைஞ்சது எல்லாம் இழுத்துக்கும். ஓபிஎஸ்னு வீடியோ ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு கேமராவை ஆட் பண்ணி கான்ஃபிகர் வீடியோன்னு ஒரு பட்டன் இருக்கும் அதை அமுக்கினா டிரைவரோட சின்ன விண்டோ ஒண்ணு திறக்கும், அதுல கேமரா கன்ட்ரோல் டேப்ல நிறைய மாடல்ல லோ லைட் காம்பன்சேஷன்னு ஒரு டிக் இருக்கும், எடுத்து விடுங்க. எக்ஸ்போஷர்னா ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்ளோ நேரம் வெளிச்சம் வாங்கணும்ங்கறது, அதோட ஆட்டோவையும் எடுத்துட்டு மைனஸ் 5ல வைங்க, அது கிட்டத்தட்ட 1/32 செகண்ட். மைனஸ் 4 போனா 1/16, இழுவை திரும்ப வந்துடும். லினக்ஸ்காரங்க வி4எல்2ங்கற கேமரா செட்டிங்ல எக்ஸ்போஷர் டைனமிக் ஃப்ரேம்ரேட்டை 0 ஆக்கினா போதும்.

படம் இருட்டாகும், அதை மறைக்க மாட்டேன். கெயின், அதாவது வந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுற செட்டிங், அதை ஏத்தினா புள்ளி வரும், புள்ளியை அமுக்க கேமரா தானா ஒரு வேலை பண்ணும், அதுல மீசை புருவம் எல்லாம் வழவழன்னு அழிஞ்சு போயிடும். செட்டிங்ஸால இல்லாத வெளிச்சத்தைக் கொண்டுவர முடியாது.

பாட்டு டீச்சர்:
நான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல பாட்டு கிளாஸ் எடுக்குறேன், நம்ம ஊரு விடியக்காலைலதான் அவங்களுக்கு வசதி, வெளிய இன்னும் கும்மிருட்டா இருக்கும். எனக்கு வந்த தொல்லை வேற மாதிரி. படத்துல கோடு கோடா கறுப்புப் பட்டை மேல இருந்து கீழ ஓடிட்டே இருந்துச்சு, வெப்கேம் ரிப்பேர்னே முடிவு பண்ணிட்டேன். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வந்து பாத்துட்டு பவர்லைன் ஃப்ரீக்வென்சின்னு ஒரு செட்டிங் 60ல இருந்ததை 50க்கு மாத்தினான், பட்டை நின்னுடுச்சு. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்பு செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்குமாம், அமெரிக்காவுல இருந்து யாராவது வாங்கிட்டு வந்த கேமரான்னா அந்த 60 கணக்குலயே கிடக்கும் போல.

இன்னொண்ணு ஆட்டோஃபோகஸ். நான் தாளம் போட கையைத் தூக்கினா போதும், கேமரா கையைப் பாக்கும், திரும்ப மூஞ்சியைப் பாக்கும், அப்புறம் பின்னாடி சுவத்துல இருக்குற சாமி படத்தைப் பாக்கும். வெளிச்சம் கம்மியா இருந்தா இந்தத் தடுமாத்தம் ரொம்பவே ஜாஸ்தி. ஃபோகஸை மேனுவல்ல போட்டு என் மூஞ்சி தூரத்துக்கு நிறுத்திட்டேன், அன்னைலேர்ந்து நிம்மதி.

கொரட்டூர் ஸ்ட்ரீமர்:
மேல சொன்னது எல்லாம் கரெக்ட், ஆனா அவர் கேட்டது எதை வாங்கறதுன்னு, அதுக்கு யாரும் வரலையே. மெகாபிக்சலையும் 4கேயையும் பாக்காதீங்க ப்ரோ, ரெண்டே விஷயம்தான், சென்சார் எவ்ளோ பெருசு, லென்ஸ் எவ்ளோ திறக்கும். எஃப் நம்பர் சின்னதா இருந்தா லென்ஸ் அதிகமா திறக்கும், எஃப் 2.8 லென்ஸை விட எஃப் 2.0 ரெண்டு மடங்கு வெளிச்சம் உள்ள விடும். சென்சார் சைஸ் டப்பாலயே போடலைன்னா சின்னதுன்னு எடுத்துக்கிட்டு நகர்ந்துடுங்க, பெருசா இருந்தா கம்பெனிக்காரன் அதைச் சொல்லாம விடுவானா.

லாஜிடெக் சி920 2012ல வந்தது, இன்னமும் ஊர்ல பாதி பேர் அதைத்தான் வாங்குறாங்க, நல்ல வெளிச்சம் இருந்தா காசுக்கு மோசமில்ல, டிம் லைட்டுக்கு அது ஆள் இல்ல. நான் ரெண்டு மூணு வருஷமா யூஸ் பண்றது ரேசர் கியோ ப்ரோ, 2021ல வந்தது. உள்ள சோனியோட ஸ்டார்விஸ் சென்சார், அது செக்யூரிட்டி கேமராவுக்குன்னே பண்ணின வகை, சைஸ் 1/2.8 இன்ச் (1க்குக் கீழ இருக்குற நம்பர் சின்னதாக ஆக சென்சார் பெருசு), ஒவ்வொரு பிக்சலும் 2.9 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்), லென்ஸ் எஃப் 2.0. வெறும் 1080பிதான், ஆனா மானிட்டர் வெளிச்சம் மட்டும் இருக்கும்போதே மூஞ்சி தெரியும். குறையும் சொல்லிடறேன், ஆட்டோஃபோகஸ் அப்பப்போ மக்கர் பண்ணும், நானும் டீச்சர் மாதிரி ஆஃப் பண்ணிட்டேன். அதோட பழைய மாடல் கியோன்னு ஒண்ணு உண்டு, சுத்தி ரிங் லைட்டோட வரும், பேரைப் பாத்து மாத்தி வாங்கிடாதீங்க, கண்ணாடி போடறவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் வெள்ளை வளையம் விழும்.

எல்காட்டோ ஃபேஸ்கேம்ல ஃபோகஸ் ஃபிக்ஸட், அதனால தேடி அலையாது, ஆனா மைக் கிடையாது, லென்ஸும் எஃப் 2.4. பட்ஜெட் இருந்தா ஆப்ஸ்பாட் டைனி 2, சென்சார் 1/1.5 இன்ச். அதை விட பெருசு வேணும்னா கியோ ப்ரோ அல்ட்ரா, 1/1.2 இன்ச், எஃப் 1.7, அந்த விலைக்கு லென்ஸ் மாத்துற பழைய மிரர்லெஸ் கேமராவே தேடலாம்னு தோணும்.

கோவைக்காரி:
ஏனுங்க, கையில இருக்குற போனை விட்டுட்டு எதுக்கு அவ்ளோ செலவு? போனோட பின் கேமரா சென்சார் நிறைய வெப்கேமை விட பெருசுங்க. நான் ஆண்ட்ராய்டுல டிராய்டுகேம் போட்டு யூஎஸ்பி கேபிள்ல இணைச்சுத்தான் கால் பேசறேன். ஆண்ட்ராய்டு 14 இருக்குற சில போன்ல ஆப்பே வேண்டாம், கேபிள் சொருகினா வெப்கேம்னு ஒரு ஆப்ஷன் வரும். ஐபோனும் மேக்கும் வெச்சிருக்கறவங்களுக்கு 2022ல வந்த வென்ச்சுராங்கற மேக் ஓஎஸ்ல இருந்து கேபிளே வேண்டாமுங்க. ஆனா முன் கேமரா வேண்டாம், பின் கேமராவைத்தான் வைக்கோணும். ஒரே தொந்தரவு சூடு. கால் நீளமா போனா அடுப்புல இருந்து எடுத்தாப்புல ஆயிடுது, கவரைக் கழட்டிட்டு ஃபேன் காத்து படற இடத்துல வெச்சிருக்கேன். அப்புறம் மீட்டிங் நடுவுல மாமியார் போன் பண்ணினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லீங்க, டூ நாட் டிஸ்டர்ப் கட்டாயம்.

டெலஸ்கோப் அங்கிள்:
தம்பிகளா, பிக்சல் சைஸ் பேச்சு வந்ததால உள்ள வந்தேன். 2000க்கு அப்புறம் கொஞ்ச காலம் எங்க மாதிரி வானம் பாக்குறவங்க எல்லாம் ஃபிலிப்ஸ் டூயூகேம் ப்ரோன்னு ஒரு வெப்கேமை லென்ஸைக் கழட்டிட்டு டெலஸ்கோப்புல மாட்டுவோம், வியாழன் சனி எல்லாம் அதுலதான் பிடிச்சோம். வெறும் 640க்கு 480தான், இன்னைக்குக் கொடுத்தா யாரும் தொட மாட்டீங்க. ஆனா உள்ள சோனியோட சிசிடி வகை சென்சார், ஒரு பிக்சல் 5.6 மைக்ரான். ஒரே சைஸ் சென்சார்ல பிக்சலை மட்டும் கூட்டிக்கிட்டே போனா ஒவ்வொண்ணுக்கும் பங்கு குறையும், அதனால சின்ன சென்சார்ல 4கேன்னு எவனாவது வித்தா ராத்திரிக்கு நம்பாதீங்க.

டிரைவர் தம்பி:
அங்கிள் சூப்பர். அண்ணே, லேம்ப் எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே?

நைட்ஷிஃப்ட் மாமா:
எனக்குப் பின்னாடி, கட்டில் பக்கம் இல்லாத மூலைல.

டிரைவர் தம்பி:
அதான் விஷயம். கேமரா அந்த லேம்பைப் பாத்து எக்ஸ்போஷரை இறக்கிடும், உங்க மூஞ்சி இருட்டுல போயிடும். லேம்பை எடுத்து மானிட்டருக்குப் பின்னாடி வெச்சு பல்பை சுவத்தைப் பாத்துத் திருப்புங்க. வெள்ளை சுவரா இருந்தா 9 வாட் எல்ஈடியே போதும், சுவத்துல பட்டு மெதுவா மூஞ்சிக்கு வரும், கட்டில் பக்கம் நேரா அடிக்காது. சுவர் கலர் பெயின்ட்னா ஒரு வெள்ளை சார்ட் பேப்பர் ஒட்டிக்கோங்க, இல்லைன்னா மூஞ்சி பச்சையா தெரியும். மானிட்டரோட நைட் லைட்டையும் ஆஃப் பண்ணுங்க, அது ஒரு பக்கம் ஆரஞ்சு அடிச்சா கேமராவுக்கு எந்தக் கலரை சரிபண்றதுன்னே தெரியாது.

நைட்ஷிஃப்ட் மாமா:
நேத்து ராத்திரி அதே மாதிரி வெச்சுப் பாத்தேன்பா. புள்ளி பாதிக்கு மேல போயிடுச்சு, டிக்கை எடுத்ததும் ரெண்டாவது கையும் காணோம். மேனேஜர் புது கேமராவான்னு கேட்டார், ஆமான்னுட்டேன். ஆனாலும் மீசை இன்னும் சரியா தெரியல, கொரட்டூர் ப்ரோ, அந்த கியோ ப்ரோ செகண்ட் ஹேண்ட்ல வந்தா எதைப் பாத்து வாங்கணும்?

கொரட்டூர் ஸ்ட்ரீமர்:
லென்ஸ் மேல கீறல் பாருங்க, அப்புறம் யூஎஸ்பி 3 போர்ட்ல நேரா சொருகி ஓட்டிப் பாருங்க, ஹப்ல வேண்டாம். ரூம் லைட்டை அணைச்சுக் காட்டச் சொல்லுங்க, விக்கிறவன் எப்பவும் ஜன்னல் பக்கத்துலதான் டெமோ காட்டுவான்.