மணிக்கூட்டின் ஊசலுக்கு இன்வார் கம்பி போடலாமா?

உப்புவெளி மணிக்கூடு:
வணக்கம். அப்பப்பா காலத்து ஊசல் மணிக்கூடு ஒன்று வீட்டில் ஓடுகிறது. உயரமான மரப்பெட்டி, சுவரில் மாட்டியிருக்கிறோம். சோளகக் காலத்தில் நாளைக்கு ஒரு நிமிடமளவில் பின்தங்கும். மாரி தொடங்கினால் ஓரளவு சரியாகிவிடும். ஊசல் கம்பி உருக்கு, ஏறக்குறைய ஒரு மீற்றர். சூட்டுக்குக் கம்பி நீளுகிறது, அதிகம் நீளாத இன்வார் என்ற உலோகத்தில் கம்பி போட்டால் தீரும் என்கிறார் பழுதுபார்ப்பவர். கம்பி ஒருவரிடம் இருக்கிறது, விலைதான் கூட. வாங்கலாமா? கடற்காற்றில் துருப்பிடிக்காதா?

சீனக்குடா லேத்:
தம்பி, இன்வார் அருமையான சாமான். இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்ந்த கலப்புலோகம். 1896இல் ஷார்ல் எடுவார் கியோம் கண்டுபிடித்தார். 1920இல் அவருக்குப் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மீற்றர் உருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு 11, 12 மைக்ரோமீற்றர் நீளும். இது 1.2 மட்டும்தான். திரவ இயற்கை வாயு ஏற்றும் சில கப்பல்களின் தொட்டிக்கு உள்ளே இந்தத் தகடுதான் இருக்கிறது, -163 பாகைக் குளிரிலும் பெரிதாகச் சுருங்காது என்பதால்.
ஆனால் நிக்கல் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம், துருப்பிடிக்கும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு வார்னிஷ் பூசியே ஆக வேண்டும். மரை வெட்டும்போது உலோகம் பிசின் மாதிரி இழுபடும், ஆகவே கூரான உளி, குறைந்த வேகம். கம்பியை வளைத்து நிமிர்த்தவே கூடாது, அதன் குணம் மாறிவிடும்.

பௌதிகம் அக்கா:
காசு கொடுக்குமுன் கணக்கைப் பாருங்கள் தம்பி. ஊசலின் அலைவுகாலம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே நீளத்தில் வரும் மாற்ற வீதத்தின் பாதிதான் நேரத்தில் தெரியும். உருக்குக் கம்பிக்கு ஒரு பாகை கூடினால் நாளைக்கு அரைச் செக்கன். வீட்டுக்குள் 10 பாகை கூடினாலும் 5 செக்கன்தான். ஒரு நிமிடம் பின்தங்க 120 பாகை கூட வேண்டும்! குற்றம் கம்பியில் இல்லை.
எனக்குச் சந்தேகம் பெட்டியில். வறண்ட காற்றில் மரம் சுருங்கித் திருகாணி தளர்ந்தால், ஊசலோடு பெட்டியும் நுணுக்கமாக ஆடும். அது நேரத்தைக் கெடுக்கும். ஊசல் ஓடும்போது பெட்டியின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். அப்புறம் எண்ணெய் காய்ந்து தடித்திருக்கிறதா, ஊசலின் அடியில் தொங்கும் குண்டைத் தாங்கும் சுரை இறுக்கமா என்றும் பாருங்கள்.

உப்புவெளி மணிக்கூடு:
அக்கா, பெட்டியின் கீழ்ப்பக்கம் ஆடுகிறது! விரலுக்கே தெரிகிறது. முதலில் சுவரில் இறுக்குகிறேன். ஆனாலும் அந்த 5 செக்கனையும் குறைக்க ஆசை. பிறகு இன்வார் வாங்கினால் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

சீனக்குடா லேத்:
காந்தம் ஒட்டாவிட்டால் வாங்க வேண்டாம். சூடேறும்போது காந்த ஒழுங்கு குறைவதால் வரும் சுருக்கம் விரிவை ஈடுசெய்வதுதான் இன்வாரின் இரகசியம். ஆனால் சாதாரண உருக்கிலும் காந்தம் ஒட்டும், அதனால் அது மட்டும் போதாது. கம்பியின் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) வைத்து, 30 பாகையிலிருந்து 90 வரை சூடாக்குங்கள். ஒரு மீற்றர் உருக்கு 0.7 மில்லிமீற்றர் நீளும். இன்வார் 0.1ஐத் தொடாது.
குண்டையும் கவனியுங்கள். அடியில் தாங்கிய பித்தளைக் குண்டு சூட்டில் மேல்நோக்கி விரியும். அடியிலிருந்து நடு வரை 10 சென்ரிமீற்றர் என்றால் பாகைக்கு 1.9 மைக்ரோமீற்றர், இன்வார் கம்பி நீளுவதைவிட அதிகம், மணிக்கூடு மறுபக்கம் முந்தும். அதே அளவு இரும்புக் குண்டென்றால் 1.2 அளவில் வரும், கம்பியோடு சரிக்குச் சரி. இரும்புக் குண்டு கடைந்து தரலாம், அளவு அனுப்புங்கள்.