கீழக்கரை சொந்தங்கள்: நட்சத்திர ஷூ

ரியாஸ்: லாத்தா, பேப்ங்கிற ஜப்பான் ஃபேஷன் கம்பெனி நைக் ஏர் ஃபோர்ஸ் 1 மாதிரியே ஷூ செஞ்சு, நைக்கோட டிக் குறி இருக்குற இடத்துல நட்சத்திரம் போட்டு இத்தனை வருஷம் வித்துச்சே. ஆம்பூர்ல தைச்சு நாமளும் நம்ம குறியைப் போட்டா என்ன?

நூருல் லாத்தா: டிக்கை எடுத்தா போதாது தம்பி. தையல், மேல் துண்டுகளோட வெட்டு, சோல் ஓரத்து வரி எல்லாம் சேர்ந்த உருவத்தையே அமெரிக்காவுல நைக் பதிஞ்சு வச்சிருக்கு. 2023 ஜனவரியில நியூயார்க்ல பேப் மேல கேஸ் போட்டாங்க. 2024-ல சமரசம். பேப் சில மாடலை நிறுத்தணும், பேப்ஸ்டாங்கிற அந்த நட்சத்திர ஷூவை மாத்தி வரையணும்.

ஜமால் காக்கா: அதுவரைக்கும் நைக்குக்குத் தூக்கமா?

நூருல் லாத்தா: அமெரிக்காவுல பேப் 2005-லேருந்தே விக்குது. விற்பனை கொஞ்சமா இருந்துச்சு, 2021-க்கு அப்புறம்தான் பெருகுச்சுன்னு நைக் மனுவுலயே சொன்னாங்க. சின்ன மீனை விட்டுட்டு பெருத்ததும் வலை போடுற கதைதான் 😅

ஜமால் காக்கா: இதே மாதிரி கேஸ்ல அடிடாஸ் மட்டும் தோத்துச்சே?

நூருல் லாத்தா: அது தாம் பிரவுன்ங்கிற ஃபேஷன் கம்பெனி மேல போட்ட கேஸ். 2007-ல அடிடாஸ் ஆட்சேபிச்சதும் மூணு கோட்டை நாலாக்கிட்டாங்க. 2021-ல கேஸ், 2023-ல ஜூரி பிரவுன் பக்கம். அங்க சண்டை வெறும் கோட்டுக்கு. முழு ஷூ உருவமும் ஒண்ணா இருந்தா அந்தத் தீர்ப்பு உனக்கு உதவாது.

ரியாஸ்: நம்ம நாட்டுல குறிக்குச் சொந்தக்காரங்க 5 வருஷம் சும்மா இருந்தா அவங்க உரிமை போயிடும்னாங்களே?

நூருல் லாத்தா: பாதிதான் சரி. ட்ரேட்மார்க் சட்டம் 33-வது பிரிவு. உன் குறி பதிவாகி இருக்கணும், நல்லெண்ணத்தோட பதிஞ்சிருக்கணும், அவங்க தெரிஞ்சே 5 வருஷம் தொடர்ந்து விட்டிருக்கணும். பதியாம வித்த வருஷம் இந்தக் கணக்குல வராது.

ஜமால் காக்கா: கடையில போலீஸ் ரெய்டு வந்தா?

நூருல் லாத்தா: வாரண்ட் இல்லாம சரக்கை எடுக்கணும்னா டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வரணும், அதுக்கு முன்னாடி ட்ரேட்மார்க் பதிவாளர் கருத்தையும் வாங்கணும். அந்தக் கருத்து எங்கன்னு கேளுங்க. ஆனா போலிக் குறி போட்ட "ஃபர்ஸ்ட் காப்பி" கடையில இருந்தா 6 மாசத்துலேருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000-லேருந்து 2 லட்சம் வரை அபராதம். அதை வாங்கவே வேணாம்.

ரியாஸ்: சொந்தமா புதுசா வரைஞ்சா?

நூருல் லாத்தா: டிசைன் சட்டத்துல பதி. 10 வருஷம், நீட்டிச்சா இன்னும் 5. பதியுறதுக்கு முன்னாடி போட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டுடாதே! ஏற்கெனவே வெளியானதுன்னு ரத்து பண்ணிடுவாங்க. இங்க நிறைய பேர் கோட்டை விடுறது இதுலதான்.

ரியாஸ்: ட்ரேட்மார்க் பதியுறப்போ ஷூவுக்குச் சரக்கு வகுப்பு 25 தானே?

நூருல் லாத்தா: ஆமா. கடைப் பேருக்குன்னா விற்பனைச் சேவைக்கான 35-ம் சேர்த்துப் போடு. தனி ஆளுக்கு ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபா கட்டணம்.