புதுப்பிப்பு: நாஸில ஒரு டிஸ்க் செத்தது, படங்கள் தப்பிட்டுது

போன கிழமை கேட்டிருந்தனான், வீட்டு நாஸில (கன டிஸ்க் போட்டு, வீட்டு நெட்வேர்க்கில ஃபைல் சேமிச்சு வைக்கிற பெட்டி) ரெண்டாவது டிஸ்க் சிவப்பு லைட் காட்டுது, அக்கான்ர கலியாணப் படமெல்லாம் போயிடுமோ எண்டு. ஒண்டும் போகேல்ல. நாலு 4 டிபி டிஸ்க், ரெய்ட் 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் ஒண்டும் போகாத மாதிரி டிஸ்க்குகளை ஒண்டாச் சேர்க்கிற முறை), அதால பாவிக்க 12 டிபிதான் வரும், மிச்சம் ஒரு டிஸ்க் அளவு பரிட்டிக்கு, அதாவது போனதைத் திருப்பிக் கணக்கிட வைக்கிற மேலதிகத் தரவுக்குப் போயிடும், அந்தப் பரிட்டி நாலிலயும் பிரிஞ்சு கிடக்கிறதால எது செத்தாலும் மற்ற மூண்டையும் வாசிச்சு எக்ஸ்ஓஆர் கணக்குப் போட்டு காணாமல் போனதைத் திருப்பி எடுக்குது. ரவுணுக்குப் போய் புது டிஸ்க் வாங்கிப் போட்டன், ராத்திரி தொடங்கின ரீபில்ட் (புது டிஸ்க்கில பழைய தரவைத் திருப்பி எழுதுறது) அடுத்த நாள் பின்னேரம்தான் முடிஞ்சுது. அதுவரைக்கும் வயித்தில புளியைக் கரைச்சுது, ஏனெண்டா அந்த நேரம் இன்னொண்டு செத்தா எல்லாம் போச்சு.

அண்டைக்கு ஒரு அண்ணை "ரெய்ட் எண்டது பேக்கப் ஆகாது தம்பி" எண்டு சொல்ல நான் வீணா வாதாடினனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நேற்று மருமகன் விளையாட்டுக்கு ஒரு ஃபோல்டரை அழிச்சுப்போட்டான், நாலு டிஸ்க்கிலயும் ஒண்டாவே அழிஞ்சுது. லாப்டொப்பில கொப்பி கிடந்தது, நல்ல காலம். இப்ப வெளி டிஸ்க் ஒண்டில எல்லாத்தையும் ஏத்தி சுன்னாகத்தில மாமா வீட்டை குடுத்து வச்சிருக்கிறன்.