இரவில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது: கட்டாயமா, அவர் முடிவா?

வேலிப்பருத்தி:
கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, கீழே அசைவும் உணர்வும் போனவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ள வரும் உதவியாளர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. படுக்கைப்புண் வராமல் தடுக்க அதில் எழுதிய முதல் வரி: "இரவிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் திருப்பவும்."

இந்த வரி இப்படியே போகக்கூடாது. இரவு 10 மணிக்குப் படுப்பவரை 12, 2, 4, 6 என்று நான்கு தடவை எழுப்பினால் அவர் எப்போது தூங்குவார்? காலை 9 மணிக்கு வேலைக்குப் போகிறவராக இருந்தால்? 2 மணி நேரம் என்பது அடிபட்ட புதிதில் ஆஸ்பத்திரியில் பிடிக்கும் கணக்கு. வீட்டுக்கு வந்து தோல் பழகிய பிறகு அரை அரை மணி நேரமாகக் கூட்டிப் பார்க்கலாம். இரண்டரை மணி நேரம் விட்டுப் பார்த்து, தோலில் தடம் இல்லையென்றால் சில நாள் கழித்து மூன்று. தடம் தெரிந்தால் பழைய இடைவெளிக்கே திரும்ப வேண்டும். எவ்வளவு விடலாம் என்பதை அவர் தோலும் அவரும் சொல்லட்டும்.

கரிசல்காடு:
எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஏஜென்சி அனுப்புற ஆள் இன்னைக்கு ஒருத்தர், அடுத்த மாசம் வேற ஒருத்தர். 12 மணி நேர ஷிப்ட். "தோலைப் பார்த்து முடிவு பண்ணு"ன்னா அவருக்கு என்ன தெரியும்? பாடப்புத்தகத்துல "சிவந்த தோல்"னு போட்டிருக்கும். மாநிறத்துலயும் கறுப்பு நிறத்துலயும் அந்தச் சிவப்பு கண்ணுக்கே படாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவுல சதை நசுங்கி ரத்தம் ஓடாம முதல்ல உள்ளேதான் அழுகும். மேல தெரியறப்போ காலம் கடந்திருக்கும். எலும்பு வரைக்கும் போன புண் ஆற மாசக்கணக்கு ஆகும். சில பேருக்குச் சதை எடுத்து வச்சு மூடுற ஆபரேஷன், அப்புறம் வாரக்கணக்கா அந்தப் பக்கம் படாம படுத்தே கிடக்கணும். கெட்ட தூக்கத்தைப் பகல்ல ஈடுகட்டலாம், புண்ணை என்ன செய்வீங்க? விதி எளிமையா இருந்தாத்தான் புது ஆளும் தப்பாம செய்வார்.

வேலிப்பருத்தி:
சிவப்பு தெரியாது என்பது முற்றிலும் சரி. அதனால்தான் கண்ணோடு கையையும் பழக்க வேண்டும் என்கிறேன். புறங்கையை வைத்துப் பாருங்கள், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா? விரலால் தொட்டால் கட்டியாக, அல்லது ஊறிய மாவு போலக் கொளகொளவென்று இருக்கிறதா? அக்கம்பக்கத்தைவிடக் கருத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? சிவப்பு தெரிகிற நிறமானால் விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் இனி பாரமே படக்கூடாது. எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது. "ரத்த ஓட்டம் வரட்டும்" என்று தேய்ப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. நைந்த திசுவை அது இன்னும் கிழிக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: முதுகின் அடிமுனை, உட்காரும் எலும்புகள், இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், வெளிக்கணுக்கால், முழங்கை, பின்மண்டை. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில். இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும், நர்சிங் படிப்பு வேண்டாம்.

இன்னொன்று, எத்தனை தடவை என்பதை மட்டும் எழுதிவிட்டு எப்படி என்பதை எழுதாமல் விட்டால் விதியே காயப்படுத்தும். தூக்கக் கலக்கத்தில் அக்குளில் கைகொடுத்து விரிப்பின் மேல் தரதரவென்று இழுத்தால் தோல் விரிப்போடு நிற்கும், எலும்பு நகரும், நடுவில் இருக்கும் ரத்தக்குழாய் திருகும். தோள்மூட்டும் விலகலாம். திருப்புவதற்கு, எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் நின்று, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்து நம்மை நோக்கி உருட்ட வேண்டும். முழுப் பக்கவாட்டில், 90 டிகிரியில், நிறுத்தக்கூடாது. அப்படிச் செய்தால் மொத்தப் பாரமும் இடுப்பின் பக்க எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

ஆலம்விழுது:
நடுவில் வருகிறேன். "ஏர் பெட் போட்டாச்சு, திருப்பவே வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி விடுகிறார்கள். திருப்பத்தான் வேண்டும். மெத்தை இடைவெளியை நீட்டிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். அதையும் சோதித்தே நம்ப வேண்டும். அவர் படுத்திருக்கும்போது பிட்டத்துக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில், உள்ளங்கை மேலே பார்க்க விரித்துக் கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் முட்டினால் அந்த மெத்தை இருந்தும் பயன் இல்லை. பம்பைக் கூட்டுங்கள், கூடவில்லையென்றால் குழாயில் கசிவு பாருங்கள். மேலே ரெக்சின், அதன் மேல் போர்வை, அதன் மேல் பழைய புடவை என்று அடுக்கினால் காற்றறைகள் ஏறி இறங்குவது தோலுக்கு எட்டாது, வியர்வைதான் தேங்கும். ஒரே ஒரு பருத்தி விரிப்பு, இறுக்கிக் கட்டாமல். மின்வெட்டில் பம்ப் நின்றால் காற்று இறங்கும். அந்த நேரம் 2 மணி நேரக் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும்.

படுக்கவைத்த பிறகு இடுப்பைச் சுற்றி ஒரு முறை கையை ஓட்டுங்கள். லுங்கி முடிச்சு பின்னால் போயிருக்கும், அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து முதுகுக்கு அடியில் கிடக்கும். காலையில் அதே வடிவத்தில் தோலில் பள்ளம் இருக்கும்.

கரிசல்காடு:
கையை நுழைச்சுப் பார்க்கிற சோதனை குறிப்புல கட்டாயம் வரணும். ஆனா என் பயம் வேற. "அவர் முடிவு"ங்கிற வார்த்தையை வேலை குறைக்கப் பயன்படுத்துவாங்க. தண்ணி விஷயத்துல அதுதானே நடக்குது? ராத்திரி யூரின் டியூப் போடுற வேலை குறையணும்னு சாயங்காலத்துலயிருந்து தண்ணி கொடுக்கிறதில்லை. கேட்டா "அவரே வேண்டாம்னார்"னு பதில். அவர் வேண்டாம்னு சொன்னது ஏன்? ராத்திரி கூப்பிட்டா முகம் சுளிக்கிறாங்கன்னுதான். அடுத்தவங்க கையை எதிர்பார்த்துக் கிடக்கிறவர் சொல்ற "பரவாயில்ல"வை முடிவுன்னு எடுத்துக்க முடியுமா?

வேலிப்பருத்தி:
இது நியாயமான கேள்வி. இந்த இடத்தில் என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். முகச்சுளிப்புக்குப் பயந்து சொல்லும் "வேண்டாம்" முடிவே அல்ல. தண்ணீர் கொடுக்காமல் இருப்பது குற்றமும் கூட. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92, உட்பிரிவு (சி): தன் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு உணவையோ நீராகாரத்தையோ தெரிந்தே மறுத்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. இதைக் குறிப்பில் அப்படியே போடுவோம்.

கணக்கையும் போடுவோம். டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை நாளுக்குச் சுமார் 2 லிட்டர் நீராகாரம். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுக்கும் முறையானால் ஒவ்வொரு தடவையும் வரும் அளவைக் கோடு போட்ட ஜாடியில் பார்த்து எழுத வேண்டும். 500 மில்லியைத் தாண்டினால் அடுத்த இடைவெளியைக் குறைக்க வேண்டுமே தவிர தண்ணீரைக் குறைக்கக்கூடாது. சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தால் சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறும். தண்ணீர் குறைந்தால் கல்லும் கிருமியும் வரும். இரவில் எழாமல் இருக்க வழி, பெரும்பகுதியைப் பகலிலேயே குடித்து, இரவு 8 மணிக்கு மேல் கொஞ்சமாக அருந்துவது. மொத்தம் மாறாது, நேரம்தான் மாறும்.

டியூபை நிரந்தரமாக வைத்திருப்பவரைத் திருப்பும்போது முதலில் யூரின் பையை அந்தப் பக்கம் மாற்றிவிட்டுத்தான் ஆளைத் தொட வேண்டும். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே. மறந்தால் டியூப் இழுபட்டு உள்ளே கிழிக்கும், அல்லது தொடைக்கு அடியில் மடங்கும்.

கரிசல்காடு:
டியூப் மடங்கினா வர்ற ஆபத்தைத்தான் அடுத்து எழுத நினைச்சேன். முதுகெலும்போட மார்புப் பகுதியில ஆறாவது எலும்பு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ மலம் கட்டினாலோ அவங்களுக்கு வலி தெரியாது. ஆனா உடம்புக்குத் தெரியும். ரத்த அழுத்தம் சட்டுனு ஏறும். மண்டை இடிக்கும், முகமும் கழுத்தும் சிவக்கும், அடிபட்ட மட்டத்துக்கு மேல வியர்த்துக் கொட்டும், மூக்கு அடைக்கும். "தலைவலியா, படுங்க"ன்னு படுக்கவச்சா அழுத்தம் இன்னும் ஏறும், மூளையில ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். உடனே நிமிர்த்தி உட்காரவச்சு, காலைத் தொங்கவிட்டு, லுங்கி, பெல்ட், அரைஞாண், கால் பட்டை எல்லாத்தையும் தளர்த்தணும். அடுத்து டியூப் மடங்கியிருக்கா, யூரின் பை நிரம்பியிருக்கான்னு பார்க்கணும். டியூப் இல்லாதவருக்குப் போட்டு எடுக்கணும். 2 முதல் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை பி.பி. பார்க்கணும். இறங்கலைன்னா ஆஸ்பத்திரி. இதுல ஒவ்வொண்ணுக்கும் "உங்க விருப்பம் என்ன"ன்னு கேட்டு நிக்க நேரம் இல்லை. விதி, விதியாவே இருக்கணும்.

வேலிப்பருத்தி:
ஏற்கிறேன், இந்தப் பகுதி கட்டளையாகவே இருக்கட்டும். ஆனால் இதிலும் முதல் எச்சரிக்கை அவர் வாயிலிருந்துதான் வரும். பழகியவர்கள் பிடரியில் சிலிர்ப்பு வந்ததுமே "டியூபைப் பார்" என்பார்கள். அதைக் "கற்பனை" என்று ஒதுக்குவதுதான் ஆபத்து. அவருடைய வழக்கமான பி.பி.யையும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். இவர்களில் பலருக்கு மேல் எண் 90 முதல் 110தான் இருக்கும். 140 காட்டினால் வாசலில் இருக்கும் மருத்துவமனை ஊழியருக்கு அது சாதாரணம். இவருக்கு அது அவசரம்.

வேலூரில் 1966-ல் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்தவர். சிகிச்சை முறையையே வகுத்தவர் இப்படி ஒருவர். தன் உடம்பைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்பதை உபசாரம் என்று நினைக்க வேண்டாம், அது தகவல்.

ஆலம்விழுது:
இருவர் சொன்னதையும் வைத்து முதல் வரியை இப்படி மாற்றலாமா?

"புது உதவியாளர், புது மெத்தை, காய்ச்சல், பேதி, மின்வெட்டு: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. மற்ற நாட்களில், காலை, இரவுத் தோல் பரிசோதனையில் தடம் இல்லாதவரை, அவரோடு பேசி முடிவுசெய்து கதவில் எழுதிய இடைவெளி."

கரிசல்காடு:
சரி. ஒண்ணு சேர்த்துக்கோங்க. கதவுல எழுதுறப்போ இடைவெளியை மட்டும் எழுதாம தேதியும் எழுதணும், அதை அவர் சொல்ல உதவியாளர் எழுதணும். அந்தப் பேச்சு உதவியாளர் முன்னாடி மட்டும் நடக்கக்கூடாது. அவர் நம்புற இன்னொருத்தரும் பக்கத்துல இருக்கணும்.

வேலிப்பருத்தி:
சேர்த்துவிட்டேன். இடைவெளி மாறிய முதல் ஏழு நாள் தோல் பரிசோதனையை மூன்று தடவையாக்கலாம். அடுத்து மலம் கழிக்க வைக்கும் நேரம் பற்றிய பத்தி. அதில் "உதவியாளர் வரும் நேரத்தில்" என்று இருக்கிறது. சாப்பிட்டு 20 முதல் 30 நிமிடத்துக்குப் பிறகு, நாள்தோறும் ஒரே நேரத்தில் என்று இருக்க வேண்டும். குடல் பழகுவது அந்த நேரத்துக்குத்தான்.